இரும்பைத் தேடும் கடல் நுண்பாசி: 2009 சொல்லும் பாடம்



நம்ம கெடாவில் மெர்போக் பக்கம் இருக்கும் சுங்கை பத்துவைப் பார்த்திருக்கிறீர்களா? 2009இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்று ஊதும் மண்குழாய்களும், இரும்புக் கசடும் வெளிவந்தன. கடாரத்து மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், நடுக்கடலில் கதை வேறு.

கடல் நீரில் ஆக்சிஜன் உண்டு. நீர் சற்றே காரத்தன்மை கொண்டது. அதனால் இரும்பு துருவாக மாறி அடியில் படிந்துவிடும். திறந்த கடலின் மேல்நீரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூடப் பல இடங்களில் கிடைக்காது. ஒளிச்சேர்க்கை நடக்க நுண்பாசிக்கு இரும்பு கட்டாயம் வேண்டும். அப்போ அது என்ன செய்கிறது? செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒருவகைப் புரதம் இரும்பைப் பற்றி உள்ளே இழுக்கிறது. சேமிப்பைப் பற்றிய முக்கியச் செய்தியும் 2009இல்தான் வந்தது. நீள்வடிவ டயாட்டம் வகைகளில் ஃபெரிட்டின் என்ற புரதம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 24 துண்டுகள் சேர்ந்த உள்ளீடற்ற பந்து அது. ஏறக்குறைய 4,500 இரும்பு அணுக்களை அடைத்து வைக்கும். நம் கல்லீரலிலும் இதே குடும்பத்துப் புரதம்தான் இரும்பைச் சேமிக்கிறது. இரத்தச்சோகைக்கு டாக்டர் ஃபெரிட்டின் அளவு பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1988இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் மார்ட்டினும் அவருடைய சக ஆய்வாளரும், வடகிழக்குப் பசிபிக்கில் பாசி வளராததற்கு இரும்புக் குறைவே காரணம் என்று சோதனை மூலம் காட்டினர். அப்படியானால், கடலில் இரும்பைத் தூவினால் பாசி பெருகும். அது கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு ஆழத்தில் படியும். பூமியின் சூடு தணியும் என்ற எண்ணம் பிறந்தது. 1993இல் கடலில் முதல் சோதனை நடந்தது. அதைப் பார்க்க மார்ட்டின் உயிரோடு இல்லை.

2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் இணைந்து 'லோஹாஃபெக்ஸ்' சோதனையைச் செய்தன. 'லோஹா' என்றால் இந்தியில் இரும்பு. சுற்றுச்சூழல் எதிர்ப்பால் பணி சில நாள் நிறுத்தப்பட்டு, பிறகு அனுமதி கிடைத்தது. போலார்ஸ்டெர்ன் கப்பலில் போனவர்கள், தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 6 டன் இரும்பைக் கரைத்துவிட்டனர். இரண்டு வாரத்தில் பாசி இரட்டிப்பானது. ஆனால் அங்கே சிலிக்கா தீர்ந்துபோயிருந்ததால், கண்ணாடி போன்ற ஓடு கட்டும் டயாட்டம் பெருகவில்லை. வளர்ந்த மற்றப் பாசியைச் சிறு கடலுயிரிகள் தின்றுவிட்டன. ஆழத்துக்குப் போன கரிமம் மிகக் குறைவு.

மாணவர்களே, இதிலிருந்து தேர்வுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'கட்டுப்படுத்தும் காரணி' ஒன்றை நீக்கினால், அடுத்தது முன்னால் வந்து நிற்கும். இரும்பு போதும் என்று எழுதினால் பாதி விடைதான். சிலிக்காவையும் தின்னும் உயிரையும் சேர்த்து எழுதினால்தான் முழு விடை. ஆசிரியர்கள் வகுப்பில் இதையும் கேட்கலாம்: எல்லாருக்கும் பொதுவான கடலில் இப்படிச் சோதனை செய்ய யார் அனுமதி தருவது?