பொருள் அறியா மந்திரம்

புரியாத மொழியிலே புரோகிதர் ஓதுகிறார். பொருள் என்னவென்று கேளாமல் தலைகுனிந்து நிற்கிறான் தமிழன். அந்த நிலையைக் கண்டித்து எழுந்தது நமது இயக்கம். அதே காட்சியை அறிவை வளர்க்க வேண்டிய வகுப்பறையிலும் காண்கிறோம் என்றால், வேதனை பெரிதன்றோ! 'போட்டோசிந்தசிஸ்' என்கிறார் ஆசிரியர். நாற்பது குரல்கள் திருப்பிச் சொல்கின்றன. பச்சை இலை கதிரொளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் வியப்பு எத்தனை உள்ளங்களை எட்டிற்று?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் சிறுவனுக்கு அறிவியல் நூல் தருவது இரட்டைச் சுமை. கேட்டறியாத சொற்கள் ஒருபுறம். தெரிந்தவைபோல் தோன்றி ஏமாற்றும் சொற்கள் மறுபுறம். 'கண்டக்டர்' என்றதும் அவன் மனக்கண்முன் நிற்பவர் பேருந்திலே சீட்டுக் கொடுப்பவர். பாடம் பேசுவதோ மின்சாரத்தைக் கடத்தும் செம்புக் கம்பியை! மூட்டையைத் தலையில் தாங்கி அசையாமல் நிற்பவன் செய்யும் 'ஒர்க்' சுழி என்கிறது இயற்பியல். பாட்டனும் தந்தையும் மூட்டை சுமந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பள்ளி வந்த பிள்ளை திகைக்கமாட்டானா? தமிழிலும் அதற்கு 'வேலை' என்றே பெயர்; திகைப்பு அங்கும் உண்டு. ஆயினும் தாய்மொழியிலே, "அது எப்படி ஐயா?" என்று கேட்டுவிடுவான். அயல்மொழியிலே வாய் எழுவதில்லை. கேள்வி செத்த இடத்தில் பகுத்தறிவு வாழுமா?

தமிழில் அறிவியல் இயலுமோ என்பார் உளர். நியூட்டன் தமது பெருநூலை 1687-இல் இலத்தீனில் வெளியிட்டார். ஒளியைப் பற்றிய நூலை 1704-இல் ஆங்கிலத்தில் தந்தார். இலத்தீனிலிருந்து அறிவியல் மெல்ல மெல்லத் தம் மொழிக்கு வந்ததால் ஆங்கிலேயர் தாழ்ந்துவிடவில்லை. 'ஆக்சிஜன்' என்பது கிரேக்க வேர்கொண்டு அமைத்த பெயர். 'புளிப்பை ஆக்குவது' என்பது அதன் பொருள். ஜெர்மானியரோ புளிப்புப் பொருள் என்று தம் மொழியிலேயே பெயரிட்டு வழங்குகின்றனர். வேதியியலில் அவர்கள் பின்தங்கியா போயினர்?

நமது வரலாறும் வெறுமையானதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் வேதியியல் நூலையும் தமிழில் கொணர்ந்தார். அவர் பரப்ப வந்த மதம் நமக்கு உடன்பாடன்று. அவர் ஆற்றிய பணியை மறுப்பது நேர்மையன்று. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் அறிவியற் சொற்களுக்கெனக் கழகம் கண்டனர். அவரே 1938-இல் ஆட்சியிலிருந்து இந்தியைக் கட்டாயமாக்கியது காலத்தின் விந்தை! 1936-இல் விபுலானந்தர் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடிற்று. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர்.

1940-இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்பக்கம் சாய்ந்தபோது, தமிழறிஞர்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தப் போராட்டங்களின் பயன் என்ன? ரசாயனம் வேதியியலாயிற்று, பௌதிகம் இயற்பியலாயிற்று, உஷ்ணமானி வெப்பமானியாயிற்று, திரிகோணம் முக்கோணமாயிற்று. பெயரைக் கேட்டமட்டில் சிறுவன் பொருளை ஊகிக்கிறான். வெப்பத்தை அளப்பது வெப்பமானி. மூன்று கோணம் உடையது முக்கோணம். அகராதி வேண்டுமா? மனப்பாடம் வேண்டுமா?

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியற் படிப்பைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. பாதை திறந்திருக்கிறது, ஆங்கிலவழி என்றால்தான் பெருமை எனும் மயக்கம் இன்னும் தெளியவில்லை.

ஆங்கிலத்தை விரட்டுக என்பதல்ல நம் வாதம். 1968-இல் நாம் ஏற்ற இருமொழிக் கொள்கையில் அதற்கும் இடமுண்டு. உலகோடு உறவாட அது தேவை. கருத்துத் தமிழில் வேரூன்றட்டும். அதன் ஆங்கிலப் பெயர் அருகிலேயே எழுதப்படட்டும். வேரூன்றிய கருத்துக்கு இரண்டு பெயர் இருப்பதால் இடரில்லை. கருத்தே இல்லாத பெயர்தான் மந்திரம்!

தோழனே! உன் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கரும்பலகையை மாட்டு. ஒருபுறம் ஆங்கிலச் சொல்லையும் மறுபுறம் தமிழ்ச் சொல்லையும் எழுது. பிள்ளைகளைச் சுற்றி அமரச்செய்து, "ஏன்?" என்று கேட்கப் பழக்கு. மந்திரம் மறையும், அறிவு மலரும்!