திறப்பும் நாவும்

இறம்பொடையில் என் வகுப்பு மாணவியொருத்தி வலிப்பு வந்து விழுந்தாள். பிள்ளைகள் அவள் கையில் இரும்புத் திறப்பைத் திணித்தார்கள். வலிப்பு நின்றும், சற்று நேரம் அவளுக்குப் பேச வரவில்லை. "பேய் நாவைக் கட்டிவிட்டது" என்றாள் அம்மாயி.

அந்த மௌனத்துக்குக் காரணம் மூளையே. 1865இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா, பேச்சு பெரும்பாலும் இடது மூளையைச் சார்ந்தது என்றார். லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் (1835–1911), விரலில் தொடங்கி முகம்வரை ஒழுங்காகப் பரவும் வலிப்பைக் கண்டு, மூளையில் உறுப்புகளுக்குத் தனித்தனி இடமுண்டெனத் தெளிந்தார். பேச்சிழந்தவரும் சினத்தில் வசைச்சொல் உதிர்ப்பதைக் கவனித்தார்.

கண்டி வீதியில் இறங்கினால் வரும் பேராதனையில், பேராசிரியர் நிமால் சேனநாயக்க உண்ணும்போது வரும் வலிப்பை ஆராய்ந்தார்.

திறப்பு வேண்டாம். பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தி, பேச்சுத் திரும்பும்வரை அருகிலிருங்கள். பின் மருத்துவரிடம் காட்டுங்கள்.