ஒன்றரை டாலரில் நியூயார்க்

1930-ம் வருஷம், ஜனவரி மாதம். அமெரிக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயம். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னால்தான் பங்குச்சந்தை குப்புற விழுந்திருந்தது. கார் வாங்க ஆளில்லை. வாங்கியவர்களுக்கும் பெட்ரோல் போடக் கையில் காசில்லை.

அப்போது இண்டியானாபோலிஸ் நகரிலிருந்து ஒரு பழைய பேக்கார்ட் கார் நியூயார்க்குக்குக் கிளம்பியது. கிட்டத்தட்ட 800 மைல் தூரம். ஊர் போய்ச் சேர்ந்ததும் எரிபொருள் கணக்கைப் பார்த்தார்கள். மொத்தச் செலவு ஒன்றரை டாலருக்கும் கம்மி! பத்திரிகைக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

காரணம், பேக்கார்டின் பானெட்டுக்குள் இருந்தது பேக்கார்ட் எஞ்சினே இல்லை. படகில் மாட்டுகிற ஒரு டீசல் எஞ்சின். வீட்டைச் சூடாக்க அடுப்பில் எரிப்பார்களே, அந்த மாதிரி மலிவு எண்ணெயில் ஓடியது. ஓட்டிவந்தவர் க்ளெஸ்ஸி கம்மின்ஸ்.

கம்மின்ஸ்! எங்கேயோ கேட்ட பேராக இருக்கிறதா? கரண்ட் போனதும் கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம் கடகடவென்று ஒன்று உறும ஆரம்பிக்குமே, அந்த ஜெனரேட்டரில் இந்தப் பேரைப் பார்த்திருப்பீர்கள். அதே கம்மின்ஸ்தான். 1962-லேயே கிர்லோஸ்கரோடு கூட்டுச் சேர்ந்து புனேவுக்கு வந்துவிட்ட கம்பெனி.

இந்த மனிதர் எஞ்சினீயரிங் காலேஜ் வாசலை மிதித்தவர் இல்லை. இண்டியானா மாகாணத்தில் கொலம்பஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வில்லியம் இர்வின் என்ற பேங்க் முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர். மெக்கானிக்கும் அவரேதான். டிரைவரின் மூளையை நம்பி முதலாளி பணம் போட, 1919-ல் பிறந்தது கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி.

ஆரம்பமே அமர்க்களமான தோல்வி. விவசாயிகளுக்குச் சின்ன எஞ்சின்கள் செய்து, சியர்ஸ் என்ற தபால் ஆர்டர் கம்பெனி மூலமாக விற்றார்கள். பிடிக்கவில்லையென்றால் பணம் வாபஸ் என்பது சியர்ஸின் வாக்குறுதி. விவசாயிகள் என்ன செய்தார்கள்? சீசன் முழுக்க எஞ்சினை ஓட்டிவிட்டு, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஞ்சினிலும் குறைகள் இருந்தன என்பதால் ஒன்றும் பேசமுடியவில்லை. அதற்கப்புறமும் பத்து வருஷம் தள்ளாட்டம்தான். இர்வினின் பணம் கரைந்துகொண்டே இருந்தது.

கடைசி முயற்சியாகத்தான் 1929 கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பேக்கார்டில் முதலாளியை உட்காரவைத்து ஒரு ரவுண்டு அழைத்துப் போனார் க்ளெஸ்ஸி. இர்வினுக்கு நம்பிக்கை திரும்பியது. சில வாரங்களிலேயே நியூயார்க் யாத்திரை.

மனிதர் அதோடு விடவில்லை. 1931-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் ரேஸுக்கு ஒரு டீசல் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். மற்ற கார்கள் எரிபொருள் போட, டயர் மாற்ற என்று நின்று நின்று போக, இது நிற்கவே இல்லை. 500 மைலையும் ஒரே மூச்சில் ஓடி முடித்தது. அந்த ரேஸில் அப்படி ஓடிய முதல் கார் அதுதான். கிடைத்தது 13-வது இடம்தான். ஆனால் பேச்சு பூராவும் அதைப் பற்றித்தான். அதே வருஷம் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு ஒரு டீசல் லாரி போனது. 3,200 மைல்களுக்கும் மேல். எரிபொருள் செலவு 11 டாலர் 22 சென்ட்.

சரி, டீசலுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தச் சிக்கனம்?

இதற்குப் பதில் சொல்ல ருடால்ஃப் டீசலிடம் போகவேண்டும். 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மன்காரர். ம்யூனிக்கில் அவர் படித்த காலத்தில் உலகத்தைச் சுமந்துகொண்டிருந்தவை நீராவி எஞ்சின்கள். நூறு ரூபாய்க்கு நிலக்கரி போட்டால் பத்து ரூபாய்க்கு வேலை நடந்தால் பெரிசு. மிச்சம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். இந்த அநியாயம் டீசலைத் தூங்கவிடவில்லை.

அவருடைய யோசனை எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறது இல்லையா? அதே சங்கதிதான். சிலிண்டருக்குள் வெறும் காற்றைப் பயங்கரமாக அழுத்தினால் அது தானாகவே கொதிக்கும். அந்த நேரம் பார்த்து எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறியே வேண்டாம், பற்றிக்கொள்ளும். எவ்வளவுக்கு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு வெப்பம் வேலையாக மாறும். 1897-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து சோதித்துப் பார்த்தார். 26 சதவிகிதம்! நீராவி எஞ்சின்காரர்களுக்கு வயிறு கலங்கியது.

1913 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போன டீசல், நடுக்கடலில் காணாமல் போனார். பிற்பாடு உடல்தான் கிடைத்தது. தன் எஞ்சின் லாரியில் ஏறி ஓடியதை அவர் பார்க்கவில்லை. அது 1920-களில், ஜெர்மனியில்தான் நடந்தது.

மறுபடி அமெரிக்கா. லாரிகளும் டிராக்டர்களும் ரயில்களும் டீசலுக்கு மாறின. ஆனால் பிக்கப் மட்டும் மாறவில்லை. முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் லாரி என்கிற அந்த வண்டி அமெரிக்க விவசாயிக்கும் கொத்தனாருக்கும் கைகால் மாதிரி. பெட்ரோல் தண்ணீர் மாதிரி கிடைத்த ஊரில் மைலேஜைப் பற்றி எவனுக்குக் கவலை?

1973 அக்டோபரில் கவலை வந்தது. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. பங்க் வாசலில் மைல்கணக்கில் க்யூ. அடுத்த ஜனவரியில் அதிபர் நிக்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாடு முழுக்க எந்த வண்டியும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது. அதாவது சுமார் 88 கிலோமீட்டர். லாரிக்காரர்கள் நெடுஞ்சாலைகளை மறித்துச் சண்டை போட்டார்கள். ஆனால் கணக்கு சட்டத்தின் பக்கம்தான் இருந்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. பின்னால் திறந்த பெட்டியோடு, சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற பிக்கப்புக்குக் கேட்கவே வேண்டாம். காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே காசு மிஞ்சும். ஆனால் சுலபமான வழி மனுஷனுக்கு என்றைக்குப் பிடித்திருக்கிறது? 1995-ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள்.

காலைத் தூக்காமல் மைலேஜ் வேண்டும். அப்படியானால் டீசல்தான். 1978 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு டீசல் எஞ்சினை இறக்கியது. 5.7 லிட்டர். கார்களில் மட்டுமல்லாமல் பிக்கப்பிலும் மாட்டினார்கள். பெட்ரோல் எஞ்சினின் வடிவமைப்பை அடிப்படையாக வைத்து அவசரத்தில் உருவாக்கியது. டீசலின் அழுத்தத்துக்குத் தலைப்பாகத்து போல்ட்டுகள் நீண்டுகொடுத்தன. கேஸ்கெட் போயிற்று. எண்ணெயில் கலந்திருக்கும் தண்ணீரைப் பிரிக்க ஏற்பாடில்லாததால் பம்ப் துருப்பிடித்தது. கோர்ட், கேஸ் என்று நாறி, 1985-ல் நிறுத்தினார்கள். டீசல் என்றாலே அமெரிக்கக் குடும்பஸ்தன் ஓட ஆரம்பித்தான்.

1982-ல் புதிதாகவே வடிவமைத்த 6.2 லிட்டர் எஞ்சினோடு ஜெனரல் மோட்டார்ஸ் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் ஃபோர்டும் வந்தது. எண்ணெய் மிச்சமானது நிஜம். ஆனால் இந்த எஞ்சின்களில் டீசல் முதலில் ஒரு குட்டி அறையில் பற்றி, பிறகுதான் சிலிண்டருக்கு வரும். சத்தம் குறையும், சரி. வழியில் அறையின் சுவர் வெப்பத்தைத் தின்றுவிடும். டர்போவும் கிடையாது. மேட்டில் மூச்சு வாங்கியது.

1989-ல்தான் திருப்பம். டாட்ஜ் பிக்கப் விற்பனையில் பின்தங்கிக் கிடந்தது. அவர்கள் கம்மின்ஸிடம் போனார்கள். கேஸ் கம்பெனியோடு சேர்ந்து டிராக்டர் வகையறாவுக்காக உருவாக்கிய 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி அப்படியே பிக்கப்பில் வைத்தார்கள். எண்ணெய் நேராகச் சிலிண்டருக்குள் பாயும். வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று காற்றைத் திணிக்கிற டர்போ உண்டு. சத்தம் என்னவோ டிராக்டர் சத்தம்தான். ஆனால் குதிரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறும், மைலேஜும் கொடுக்கும். ஜனங்கள் மொய்த்தார்கள். கம்மின்ஸ் பேரைச் சொல்லியே டாட்ஜ் விற்றது.

இங்கேதான் கதையில் வில்லன் வருகிறான். வில்லன் வெளியாள் இல்லை. சிக்கனத்தின் கூடப்பிறந்த தம்பி.

டீசல் எஞ்சினில் தீ எவ்வளவு சூடாக எரிகிறதோ அவ்வளவு மைலேஜ். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கைகோத்துக்கொள்ளும். பிறப்பது நைட்ரஜன் ஆக்ஸைடு. நுரையீரலுக்கு ஆகாத சங்கதி. சூட்டைக் குறைத்தால் இது குறையும், பதிலுக்குக் கரி கூடும். மைலேஜும் இறங்கும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று கிளம்பும். இது லேசான விஷயமில்லை. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு திட்டவட்டமாகவே அறிவித்தது.

அமெரிக்க அரசு 2007-ல் விதிகளை இறுக்கியது. பிக்கப்புகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வந்தது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்கவேண்டும். எரிக்க எது? கூடுதல் டீசல்! மைலேஜ் விழுந்தது. ஓனர்கள் கொதித்தார்கள். சில வருஷங்களில் யூரியாக் கரைசல் தெளித்து, நைட்ரஜன் ஆக்ஸைடைக் குழாயிலேயே ஒழித்துக்கட்டும் முறை பரவியது. எஞ்சின் தன்பாட்டுக்குச் சூடாக எரியலாம், விஷத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. போன மைலேஜில் ஒரு பங்கு திரும்பி வந்தது.

பொறுமை இல்லாதவர்கள் குறுக்கு வழியில் இறங்கினார்கள். ஃபில்டரைக் கழற்றி எறிவது, கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது என்று இதற்கென்றே கடைகள் முளைத்தன. சட்டப்படி குற்றம்தான். சுமார் பத்து வருஷங்களில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்புகள் இப்படி மாற்றப்பட்டிருக்கின்றன என்று 2020 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு கணக்குச் சொன்னது. அவை கூடுதலாகக் கக்கும் புகை, ஒழுங்கான பிக்கப்புகள் 90 லட்சத்தைப் புதிதாகச் சாலையில் இறக்கிவிட்டதற்குச் சமம்.

கடைக்காரன் செய்தால் சரி. கம்பெனியே செய்தால்?

2023 டிசம்பரில் அந்தச் செய்தி வந்தது. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்கப்புகள் சுமார் 6,30,000-ல், புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. டாட்ஜ் பிக்கப்தான் இப்போது ராம் என்ற பேரில் ஓடுகிறது. எஞ்சின் யாருடையது? கம்மின்ஸ். தவறு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 167.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அமெரிக்கக் காற்றுத்தூய்மைச் சட்டத்தின் வரலாற்றிலேயே அதைவிடப் பெரிய அபராதம் அதுவரை கிடையாது.

ஒன்றரை டாலர் கணக்குக் காட்டி உலகத்தை அசத்திய கம்பெனி!

க்ளெஸ்ஸி பொய் சொல்லவில்லை. அன்றைக்குப் பேக்கார்ட் குடித்த எண்ணெயின் விலை அவ்வளவுதான். ஆனால் வழிநெடுக அது விட்டுவந்த புகைக்கு யாரும் பில் போடவில்லை. போடத் தெரியாது அப்போது. 800 மைல் தூரத்துக்கும் சாலையோரம் குடியிருந்தவர்கள்தான் மிச்சக் காசைக் கொடுத்தார்கள், மூச்சுவிட்டே.

ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பது பழைய கேள்வி. அந்தக் கிலோமீட்டருக்கு இன்னும் யார் யார் காசு கொடுக்கிறார்கள் என்பது புதுக் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் வழிகள் ரொம்பப் பழையவை. டயரில் சரியான காற்று, தேவையில்லாத பாரத்தை இறக்கிவைப்பது, நிற்கும்போது எஞ்சினை அணைப்பது, அப்புறம் நிக்ஸன் சட்டம் போட்டும் அமெரிக்கர்களுக்குப் பிடிக்காமல் போன அந்த 55 மைல். இதில் எதற்கும் மென்பொருள் வேண்டாம். கால் மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கவேண்டும்.