வருங்கால வைப்பு நிதிக் கணக்கை இணையத்தில் பார்ப்பது எப்படி? மட்டாஞ்சேரித் தொழிலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொச்சி: மாதச் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்கெனப் பிடிக்கப்படும் பணம் உரிய கணக்கில் சேர்ந்துள்ளதா என்பதைத் தொழிலாளரே கைப்பேசியில் சரிபார்த்துக்கொள்ள முடியும். இருப்பினும், சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டாலே பணம் சேர்ந்துவிட்டதாகக் கருதுவோர் பலர். சம்பளச் சீட்டு, பிடித்தத்துக்கு மட்டுமே சான்று. வரவுக்குச் சான்று, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பான இ.பி.எஃப்.ஓ. பராமரிக்கும் கணக்கேடு. இந்த வேறுபாட்டைப் பணியில் இருக்கும்போதே அறிந்தவர்கள், ஓய்வுபெறும் நாளில் அலைய வேண்டியிராது.

நறுமணப் பொருள் கிடங்குகள், ஏற்றுமதி நிறுவனங்கள், தங்கும் விடுதிகள், கடைகள் எனப் பலவகைத் தொழில்கள் நெருங்கி நடைபெறும் பகுதி கொச்சியின் மட்டாஞ்சேரி. மலையாளிகளோடு தமிழர், கொங்கணியர், குஜராத்தியர் எனப் பல சமூகத்தினர் தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றனர். ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் தொழிலாளர்களின் சேமிப்பு, பல கணக்குகளில் சிதறிக் கிடக்கும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு இணைய வசதியின் பயனும் அதிகம்.

வில்லையும் எண்ணும்

தொழிலாளரின் அடையாளம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டாஞ்சேரிக்குப் புதிதன்று. துறைமுக வேலைக்கு ஆள் எடுக்க ஒருகாலத்தில் இங்கு ‘சாப்பா’ முறை இருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள், கூடி நிற்கும் தொழிலாளர்களிடையே உலோக வில்லைகளை வீசுவர்; முண்டியடித்து அதைக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. அம்முறையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2023-இல் வெளியான ‘துறமுகம்’ என்ற மலையாளத் திரைப்படம் அந்த வரலாற்றைக் களமாகக் கொண்டது.

அந்நிகழ்வுக்கு முந்தைய ஆண்டில், 1952-இல், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பல பத்தாண்டுகள் வரை கணக்கு எண் நிறுவனத்தோடு பிணைந்தே இருந்தது. வேலை மாறினால் எண்ணும் மாறும். 2014 அக்டோபரில் யு.ஏ.என். எனப்படும் 12 இலக்கப் பொதுக் கணக்கு எண் அறிமுகமான பிறகே, எத்தனை நிறுவனங்கள் மாறினாலும் தொழிலாளரோடு தொடரும் ஒரே எண் கிடைத்தது. இந்த எண் நிறுவனத்துக்கு உரியதன்று, தொழிலாளருக்கு உரியது.

யார் யாருக்குப் பொருந்தும்?

பொதுவாக, 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இத்திட்டம் கட்டாயம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் ரூ.15,000 வரை பெறுவோர் கட்டாயம் சேர்க்கப்பட வேண்டும். இந்த உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சிறு நிறுவனங்கள் விருப்பத்தின் பேரில் சேரலாம்.

சுமை தூக்கும் தொழிலாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் இயங்கும் கேரளச் சுமைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களின் கணக்கு விவரம் அந்த வாரியத்திடம் இருக்கும், இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் கிடைக்காது. அதேபோல், விலக்குப் பெற்றுத் தனி அறக்கட்டளை வழியாக நிதியைப் பராமரிக்கும் பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள், கணக்கு விவரத்தை அந்த அறக்கட்டளையிடமே பெற வேண்டும்.

கணக்கினுள் நுழைவது எப்படி?

முதலில் யு.ஏ.என். எண் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் சம்பளச் சீட்டிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். இல்லையெனில், இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் இணையதளத்தில் எண்ணை அறியும் பகுதிக்குச் சென்று, கைப்பேசி எண்ணையும் ஆதார் அல்லது பான் எண்ணையும் அளித்துக் கண்டறியலாம்.

அடுத்து அந்த எண்ணைச் செயல்படுத்த வேண்டும். இணையதளத்தின் முகப்பில் இதற்கான இணைப்பு உள்ளது. யு.ஏ.என்., ஆதார் எண், பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவற்றை ஆதாரில் உள்ளபடியே பதிந்தால் ஓ.டி.பி. வரும். அதை உள்ளிட்டதும் எண் செயல்பாட்டுக்கு வரும். ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் வழக்கொழிந்திருந்தால் இப்படியைத் தாண்ட முடியாது. அத்தகையோர் முதலில் ஆதார் சேவை வழங்கும் அக்ஷயா மையத்தில் கைப்பேசி எண்ணைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வேலையில் சேர்வோருக்கு 2025 ஆகஸ்ட் முதல், உமங் செயலியில் முகத்தைப் பதிவு செய்து யு.ஏ.என். பெறும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. எண் இருந்தும் செயல்படுத்தாதவர்களும் இதே செயலியில் முகப் பதிவின் மூலம் செயல்படுத்தலாம்.

பதிவு முடிந்து 6 மணி நேரத்துக்குப் பின் கணக்கேட்டைப் பார்க்கலாம். இதற்கென இ.பி.எஃப்.ஓ.வின் தனிக் கணக்கேட்டுத் தளம் உள்ளது. உமங் செயலியிலும் காணலாம். உறுப்பினர் தளத்திலேயே கணக்கின் சுருக்கத்தைக் காணும் ‘பாஸ்புக் லைட்’ வசதியும் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

கணக்கேட்டை எவ்வாறு படிப்பது?

கணக்கேட்டில் மாதந்தோறும் மூன்று தொகைகள் தனித்தனியே காட்டப்படும்: தொழிலாளர் பங்கு, நிறுவனத்தின் பங்கு, ஓய்வூதியப் பங்கு.

எடுத்துக்காட்டாக, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.15,000 பெறும் ஒருவரிடம் 12 சதவீதமாக ரூ.1,800 பிடிக்கப்படும். நிறுவனமும் அதே ரூ.1,800 செலுத்த வேண்டும். நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதமான ரூ.1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்லும், எஞ்சிய ரூ.550 வைப்பு நிதியில் சேரும். ஆக, மாதந்தோறும் ரூ.2,350 வைப்பு நிதியாகவும் ரூ.1,250 ஓய்வூதியப் பங்காகவும் பதிவாக வேண்டும்.

கேரளத்தின் மரபுத் தொழிலான கயிறு உள்ளிட்ட சில தொழில்களில் பங்களிப்பு 10 சதவீதமே. அதே சம்பளத்துக்கு அங்கு தொழிலாளர் பங்கு ரூ.1,500, நிறுவனத்தின் ரூ.1,500-இல் ரூ.1,250 ஓய்வூதியத்துக்கும் ரூ.250 வைப்பு நிதிக்கும் செல்லும்.

ஓய்வூதியப் பங்குக்கு வட்டி சேர்வதில்லை. அது வைப்புத் தொகைபோல் திரும்பக் கிடைப்பதன்று. பணிக்காலமும் சம்பளமும் ஓய்வூதிய அளவைத் தீர்மானிக்கும். 10 ஆண்டுப் பணிக்காலம் நிறைந்தவர் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறத் தகுதியுடையவர். வைப்பு நிதிக்கு 2024-25 நிதியாண்டில் அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். வட்டி மாத இருப்பின் அடிப்படையில் கணக்கிடப்பட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையே வரவு வைக்கப்படும். இடையில் வட்டி காட்டப்படாததைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். எனவே, ஜூன் மாதப் பிடித்தம் கணக்கில் சேர்ந்ததா என்பதை ஜூலை இறுதியில் பார்ப்பது பொருத்தமானது. சம்பளச் சீட்டையும் கணக்கேட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் சில நிமிடங்களில் உண்மை விளங்கிவிடும்.

ஓர் எழுத்தால் வரும் தடை

பணம் எடுக்க விண்ணப்பிக்கும்போது தடையாக நிற்பது பெரும்பாலும் பெயரே. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடுவது தமிழர் வழக்கம். வீட்டுப் பெயரையோ தந்தை பெயரையோ பின்னால் சேர்ப்போரும் கேரளத்தில் உண்டு. வேலையில் சேர்ந்த நாளில் நிறுவன எழுத்தர் எழுதிய பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஆங்கில எழுத்தில் ஒன்று மாறினாலும் சரிபார்ப்பு நின்றுவிடக்கூடும்.

2017 அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னரோ யு.ஏ.என். வழங்கப்பட்டு, ஆதார் சரிபார்க்கப்பட்டவர்கள், பெயர், பிறந்த தேதி போன்றவற்றைத் தாங்களே இணையத்தில் திருத்திக்கொள்ள 2025 ஜனவரியில் வழி செய்யப்பட்டது. மற்றவர்கள் நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் இயங்கிக்கொண்டிருக்கும்போது எளிதாக முடியும் இத்திருத்தம், அது மூடப்பட்ட பின் கடினமாகிவிடும். ஆதார், பான், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் ‘சரிபார்க்கப்பட்டது’ எனக் காட்டுகின்றனவா என்பதை இன்றே பார்ப்பது நல்லது. ஐந்தாண்டுப் பணிக்காலத்துக்கு முன்பு ரூ.50,000 அல்லது அதற்கு மேல் எடுப்போரிடம் 10 சதவீத வருமான வரி பிடிக்கப்படும். பான் இணைக்காதவர்களிடம் அது 20 சதவீதம்.

பழைய கணக்குகளை இணைத்தல்

சென்னையில் சில ஆண்டுகள், பின்னர் கொச்சியில் சில ஆண்டுகள் எனப் பணிபுரிந்தவருக்கு ஒரே யு.ஏ.என். எண்ணின்கீழ் இரு உறுப்பினர் எண்கள் இருக்கலாம். சென்னை அலுவலக எண்கள் டி.என்.எம்.ஏ.எஸ். என்ற எழுத்துகளுடனும், கொச்சி அலுவலக எண்கள் கே.ஆர்.கே.சி.ஹெச். என்ற எழுத்துகளுடனும் தொடங்கும். பணிக்கால வரலாற்றுப் பகுதியில் இரண்டும் இடம்பெற்றுள்ளனவா என்று பார்த்து, பழைய இருப்பை இப்போதைய கணக்குக்கு மாற்ற இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதனால் பணிக்காலமும் ஒன்றுசேரும். ஓய்வூதியத்துக்கான 10 ஆண்டைக் கணக்கிடும்போது இது முக்கியம்.

முந்தைய நிறுவனம் பணி விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் உறுப்பினரே அதைப் பதியலாம்.

வாரிசு நியமனம்

திருமணத்துக்கு முன் பெற்றோரை நியமித்துவிட்டு, பின்னர் மாற்றாமல் விடுவோர் உண்டு. குடும்ப உறுப்பினரின் ஆதார் எண், புகைப்படம் ஆகியவற்றுடன் இணையத்திலேயே புதிய நியமனம் செய்யலாம். பணிக்காலத்தில் உறுப்பினர் இறந்தால், வைப்பு நிதி, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றுடன், 1976-இல் தொடங்கப்பட்ட காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அதிகபட்சமாக ரூ.7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். இந்தக் காப்பீட்டுக்குத் தொழிலாளரிடம் எதுவும் பிடிக்கப்படுவதில்லை என்பதால், இப்படி ஒன்று இருப்பதையே அறியாத குடும்பங்கள் உள்ளன. வீட்டில் ஒருவருக்கேனும் யு.ஏ.என். எண் தெரிந்திருக்க வேண்டும்.

இணைய வசதி இல்லாதவர்களுக்கு

பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு அழைத்தால், இணைப்பு தானே துண்டிக்கப்பட்டு, கடைசிப் பங்களிப்பும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். இதற்குக் கட்டணம் இல்லை. 77382 99899 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் விவரம் பெறலாம். ஆங்கிலத்தில் இ-பி-எஃப்-ஓ-ஹெச்-ஓ, ஓர் இடைவெளி, யு-ஏ-என், மீண்டும் ஓர் இடைவெளி, பின்னர் மொழிக்கான மூன்று எழுத்துகள் என அச்செய்தி அமைய வேண்டும். தமிழுக்கு டி-ஏ-எம், மலையாளத்துக்கு எம்-ஏ-எல். இவ்விரு வசதிகளுக்கும் யு.ஏ.என். செயல்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

பணம் சேரவில்லை எனில்

பிடித்தம் இருந்தும் வரவு இல்லையெனில், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் இல்லையெனில், இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்ப்பு இணையதளத்தில் சம்பளச் சீட்டுகளின் படிகளுடன் புகார் பதியலாம். உதவி எண்: 14470. கொச்சி மண்டல அலுவலகம் கலூர் பவிஷ்யநிதி பவனில் இயங்குகிறது. ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற பெயரில் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் குறைகேட்பு முகாமும் நடத்தப்படுகிறது.

தாமதமாகச் செலுத்தும் நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி செலுத்த வேண்டும் என விதித்தது 1952-ஆம் ஆண்டுச் சட்டம். தொழிலாளரிடம் பிடித்த பங்கைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகக் கருதப்படும்.

எச்சரிக்கை

ஆதார், பான், யு.ஏ.என்., வங்கி விவரம், கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவற்றை இ.பி.எஃப்.ஓ. தொலைபேசியிலோ சமூக ஊடகங்களிலோ கேட்பதில்லை. அதன் இணையச் சேவைகளுக்குக் கட்டணமும் இல்லை. இணையதள முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என முடிகிறதா என்று பார்த்த பின்னரே விவரங்களைப் பதிய வேண்டும். கணினி மையத்தில் பிறர் உதவியுடன் விண்ணப்பிப்போர், கடவுச்சொல்லை அங்கு விட்டுவராமல் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை கணக்கேட்டைப் பார்ப்பவருக்கு, விடுபட்ட ஒரு மாதம் உடனே தெரியும். ஓய்வுபெறும்போது மட்டும் பார்ப்பவருக்கு, விடுபட்ட ஆண்டுகளே தெரியவரும். அதற்குள் அந்த நிறுவனம் மூடப்பட்டிருக்கவும் கூடும்.