விசையைச் சுற்றி ஒரு கட்டம்

கணினிக் கையேடு எழுதுவோருக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. பக்கத்தில் இருப்பதெல்லாம் எழுத்துதான். அதில் எது படிப்பதற்கு, எது அப்படியே தட்டச்சு செய்வதற்கு, எது விரலால் அழுத்துவதற்கு என்பதையும் எழுத்தைக் கொண்டேதான் சொல்லியாக வேண்டும். 'எஸ்கேப் கொடுக்கவும்' என்று எழுதினால், புதிதாகக் கற்பவர் அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிவிட்டுக் காத்திருக்கலாம். 'கண்ட்ரோல் + சி' என்று எழுதினால், நடுவில் உள்ள கூட்டல் குறியையும் அழுத்த வேண்டுமோ என்று அவர் தயங்கலாம். இன்று விக்கிப் பக்கங்களில் விசையின் பெயரைச் சுற்றி மெல்லிய கோடும், அடியில் சிறு நிழலுமாக ஒரு கட்டம் வருகிறது. அதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோர் உண்டு. அது தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து தொடர்ந்து வந்த ஒரு குழப்பத்துக்குப் பலர் கூடிக் கண்டடைந்த விடை என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

1874-இல் விற்பனைக்கு வந்த முதல் ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. விசையின் மேல் எது பொறிக்கப்பட்டிருந்ததோ அதுவே தாளில் விழுந்தது. 1878-இல் வந்த இரண்டாவது மாதிரி இந்த நேர்கோட்டை உடைத்தது. ஒரே அச்சுத்தண்டில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அமர்ந்தன. எது தாளில் படவேண்டும் என்பதை முடிவு செய்ய, பொறியின் ஒரு பாகத்தையே இடம்பெயர்க்கும் விசை ஒன்று சேர்ந்தது. ஷிஃப்ட் என்ற பெயரின் பொருளே இடம்பெயர்த்தல்தான். தாளில் எந்தத் தடமும் பதிக்காத, மற்ற விசைகளின் பொருளை மட்டும் மாற்றுகிற விசை அது. தாளைத் தாங்கிய வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பியதன் நினைவு ரிட்டர்ன் விசையிலும், அட்டவணை தட்டியதன் நினைவு டேப் விசையிலும் இன்றும் தங்கியிருக்கிறது. எழுத்தும் விசையும் வேறு வேறு ஆனது இங்கேதான். எழுத்தை எழுதிக் காட்ட எழுத்து உண்டு; விசையை எழுதிக் காட்ட அப்போது எதுவும் இல்லை.

தொலை அச்சுப்பொறிகள் இந்தப் பிளவை ஆழமாக்கின. அவற்றுக்கு எழுத்துகளை எண்களாக அனுப்ப 1963-இல் வெளியான ஆஸ்கி குறிமுறையில் முதல் 32 இடங்கள் அச்சில் தெரியாத கட்டளைகளுக்கு ஒதுக்கப்பட்டன. மணி அடி, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, செய்தி முடிந்தது என்பன போன்றவை அவை. கண்ட்ரோல் விசையின் வேலை அந்தக் கட்டளைகளை எழுத்து விசைகளால் எட்டச் செய்வது. ஆங்கில வரிசையில் மூன்றாவது எழுத்தான சி, கண்ட்ரோலோடு சேர்ந்தால் 3-ஆம் கட்டளை ஆகும். ஏழாவது எழுத்தான ஜி சேர்ந்தால் 7-ஆம் கட்டளை, அதாவது மணி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கட்டளைகளைத் திரையில் காட்டியாக வேண்டிய நிலை வந்தபோது, எழுத்துக்கு முன்னால் ஒரு கூரைக் குறியை (^) இட்டார்கள். முனையத்தில் ஓடும் நிரலை நிறுத்தும்போது இன்றும் சி-க்கு முன்னால் அந்தக் கூரை தெரிகிறது. விசைக்கெனப் பிறந்த முதல் எழுத்து வடிவங்களுள் ஒன்று இது. ஆனால் அதைப் பார்க்கும் புதியவர், கூரைக் குறிக்கு உரிய விசையைத் தேடிப்பிடித்து அழுத்தினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பது அந்தக் குறிதானே.

1976-ஐ ஒட்டிப் பிறந்த இரண்டு உரைதொகுப்பிகள் இந்தச் சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டின. எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய ஈமேக்ஸ், கண்ட்ரோலுக்கு ஒரு சி, மெட்டா விசைக்கு ஓர் எம், பிறகு ஓர் இடைக்கோடு, பிறகு எழுத்து என்ற சுருக்க முறையைப் பரப்பியது. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய விஐ தொகுப்பியிலோ எழுத்து விசைகளே கட்டளைகள். அங்கே பெரிய இசட்டை இருமுறை அழுத்தினால் கோப்பைச் சேமித்துவிட்டு வெளியேறும். இன்று பரவலாக உள்ள அதன் வழித்தோன்றலான விம்மில், சிறிய இசட்டை இருமுறை அழுத்தினால் இருக்கும் வரி திரையின் நடுவுக்கு வரும். இங்கே பெரிய எழுத்து என்றால் ஷிஃப்டும் சேர்த்து அழுத்து என்று பொருள். விண்டோஸ் கையேடுகளிலோ கண்ட்ரோலை அடுத்து வரும் சி எப்போதும் பெரிய எழுத்தாகவே அச்சாகிறது, ஆனால் ஷிஃப்டை யாரும் அழுத்துவதில்லை. அங்கே அந்தப் பெரிய சி எழுத்தைக் குறிக்கவில்லை. விசையின் தலையில் பொறித்திருப்பதைக் குறிக்கிறது. ஒரே வடிவம் ஓர் இடத்தில் எழுத்தாகவும் வேறோர் இடத்தில் விசையாகவும் நிற்கும்போது, எது எது என்று சொல்ல வடிவத்தை மட்டும் நம்ப முடியாது.

நிறுவனங்கள் தத்தம் வழியில் இதைத் தீர்க்க முயன்றன. மைக்ரோசாஃப்ட் விசைகளைக் கூட்டல் குறியால் இணைத்தது. ஆப்பிள் இடைக்கோட்டால் இணைத்தது. இரண்டுமே விசைப்பலகையில் விசையாகவும் இருப்பவை என்பதால் சிக்கல் திரும்பி வந்தது. உலாவியில் பக்கத்தைப் பெரிதாக்கக் கண்ட்ரோலோடு கூட்டல் குறியை அழுத்த வேண்டும். அதை எழுதினால் இரண்டு கூட்டல் குறிகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று இணைப்பு, மற்றொன்று விசை. சொல்லை விட்டுப் படத்துக்குப் போகும் வழியையும் ஆப்பிள் முயன்றது. 1984-இல் வெளியான மேக்கிண்டாஷ் உருவாகிக்கொண்டிருந்தபோது, பட்டியல்களில் குறுக்குவிசைகளுக்கு அருகே நிறுவனத்தின் ஆப்பிள் சின்னமே முதலில் இருந்தது. சின்னம் மலிந்துபோகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மறுத்ததும், வடிவமைப்பாளர் சூசன் கேர் ஒரு குறியீட்டு அகராதியைப் புரட்டி, நான்கு மூலைகளிலும் வளையமிட்ட சதுரத்தைத் தேர்ந்தார். சுவீடனில் காணத்தக்க இடங்களைக் காட்டும் அடையாளம் அது. அழகான தேர்வு, ஆனால் அதைத் தன் விசைப்பலகையில் பார்த்துப் பழகாதவருக்கு அது எதையும் சொல்வதில்லை. ஒருங்குறியிலும் அதன் பெயர் 'காணத்தக்க இடம்' என்றே பதிவாகியிருக்கிறது, கட்டளை விசை என்று இல்லை.

உண்மையான தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. எப்படிக் காட்டுவது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, இது என்ன என்று முதலில் குறித்துவைக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். 1980களில் குனு திட்டத்துக்காக உருவான டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவண மொழியில், பயனர் தட்டுவதற்கு ஒரு கட்டளையும் விசையின் பெயருக்கு வேறொரு கட்டளையும் தனித்தனியே இருந்தன. 1993-இல் டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதிய, இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல் மொழியின் வரைவில் கேபிடி (kbd) என்ற குறிச்சொல் இருக்கிறது. அதன் பெயரும், அதோடு வரும் வேறு சில குறிச்சொற்களின் பெயர்களும் டெக்ஸ்இன்ஃபோவில் ஏற்கெனவே இருந்தவை. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0, பயனர் தட்டச்சு செய்யும் உரை என்று அதற்கு விளக்கம் தந்தது. 2014-இல் பரிந்துரையான எச்டிஎம்எல் 5 இன்னும் நுட்பமாகப் போனது. ஒரு கேபிடிக்குள் இன்னொரு கேபிடி வந்தால், உள்ளே இருப்பது ஒரு தனி விசை. கண்ட்ரோலும் சி-யும் இரண்டு உள் குறிகள், இரண்டையும் சேர்த்த செயல் ஒரு வெளிக் குறி, இடையே நிற்கும் கூட்டல் குறி வெறும் இணைப்பு. ஆண்டுக்கணக்கில் எழுத்தால் தீராத ஐயம் இங்கே இலக்கணமாகத் தீர்ந்தது.

இந்த இலக்கணத்தை அன்றாடப் பழக்கமாக்கியவை விக்கிகள். வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் முதல் விக்கியைத் திறந்தார். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் கையேட்டுக்கு ஒரு தொகுப்பாசிரியர் இருப்பார், நடைக்கையேடும் இருக்கும். விக்கியில் முன்பின் அறியாத பலர் ஒரே பக்கத்தை எழுதுகிறார்கள். ஒருவர் கூட்டல் குறி இடுவார், இன்னொருவர் இடைக்கோடு இடுவார், மற்றொருவர் தடித்த எழுத்து போடுவார். அங்கே வார்ப்புரு கைகொடுத்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் விசைக்கென உள்ள வார்ப்புருவில் விசையின் பெயரைக் கொடுத்தால், அது கேபிடி குறிச்சொல்லையும் கட்டத்தையும் தானே உருவாக்கிக் கொள்கிறது. எல்லாப் பக்கங்களிலும் தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஜெர்மானிய விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையின் மேல் அதன் ஜெர்மன் பெயரின் சுருக்கமே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மன் விக்கி அந்தச் சுருக்கத்தைக் கட்டத்துக்குள் இட்டுக்கொள்ளலாம். பொருளும் தோற்றமும் பிரிந்ததால் கிடைத்த வசதி இது.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஒரு பக்கத்தில் நூறு கட்டங்கள் வந்தால் கண் களைத்துப்போகும், தடித்த எழுத்தே போதாதா என்பது முதலாவது. களைப்பு உண்மைதான், வரலாறு பேசும் பத்தியில் எண்டர் என்ற சொல் வரும்போதெல்லாம் கட்டம் போட வேண்டியதில்லை. வாசகர் கையை நீட்டி அழுத்த வேண்டிய இடத்தில் மட்டும் போட்டால் போதும். ஆனால் தடித்த எழுத்து அந்த வேலையைச் செய்யாது. தலைப்பும் கலைச்சொல்லும் எச்சரிக்கையும் ஏற்கெனவே அந்த வடிவில்தான் வருகின்றன. பல வேலை பார்க்கும் குறி எந்த ஒன்றையும் உறுதியாகச் சொல்லாது. இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: தொடுதிரைக் காலத்தில் விசைகளைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? சுட்டியைப் பயன்படுத்த முடியாதவருக்கும், திரைபடிப்பான் துணையோடு கணினியில் வேலை செய்யும் பார்வையற்றவருக்கும் குறுக்குவிசைதான் வாசல். அவருக்கு ஒரு விசையைத் தெளிவில்லாமல் சொல்வது அந்த வாசலை மூடுவதாகும். தவிர, கேபிடி குரலால் தரும் கட்டளையையும் ஏற்கும் என்று எச்டிஎம்எல் 5 சொல்லியிருக்கிறது. விசைகள் மறைந்தாலும், 'இதைச் செய்' என்பதையும் 'இதைப் படி' என்பதையும் பிரிக்க வேண்டிய தேவை மறையாது.

தமிழில் எழுதுவோருக்கு இந்தத் தேவை ஆங்கிலத்தில் எழுதுவோரைவிடக் கூடுதல். தமிழ்99 விசைப்பலகையில் 'க' என்ற எழுத்து, ஆங்கிலத்தில் எச் என்று பொறித்த விசையில் இருக்கிறது; புள்ளி, எஃப் விசையில். 'க-வை அழுத்துக' என்று ஒரு தமிழ் உதவிப் பக்கம் சொன்னால், அது எழுத்தைச் சொல்கிறதா, விசையைச் சொல்கிறதா, எந்த விசைப்பலகையைச் சொல்கிறது என்று மூன்று கேள்விகள் எழுகின்றன. விக்கிப்பீடியாவில் தமிழ் உள்ளீட்டை இயக்கவும் நிறுத்தவும் கண்ட்ரோலோடு எம் என்ற இணை பயன்படுகிறது. எம் பதின்மூன்றாவது எழுத்து என்பதால், பழைய ஆஸ்கி வழக்கப்படி அதே இணை முனையத்தில் ரிட்டர்ன் விசையாக வேலை செய்யும். அழுத்துவது ஒன்றே, விளைவு இடத்துக்கு இடம் வேறு. ஆகவே விசையை ஒரு குறியாலும், அதனால் திரையில் விழுவதை வேறு குறியாலும் காட்டும் ஒழுங்கு நமக்குக் கட்டாயம் வேண்டும். தமிழில் ஓர் உதவிப் பக்கத்தையோ செய்முறைக் குறிப்பையோ எழுதுபவர்கள், அழுத்த வேண்டிய ஒவ்வொரு விசையையும் அதன் கட்டத்துக்குள் வையுங்கள். அந்த விசை தரும் எழுத்தை வெளியே எழுதுங்கள். முதன்முறையாக விசைப்பலகையின் முன் உட்காரும் ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய உதவிகளில் இவ்வளவு எளிதானது வேறில்லை.