அத்தை போட்ட கையெழுத்து

பத்திரங்களைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிறவன் நான் என்றால் நேயர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தியாகராய நகரில் எங்கள் தாத்தா வாங்கிய வீட்டின் பத்திரக் கட்டு என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள கதைக்கு நான் எழுதிய நாவல் எதுவும் ஈடாகாது. ஒன்று மட்டும்: கட்டைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் இருப்பதுதான் மூத்தது.

அடியில் இருப்பது தாத்தா பேருக்கு ஆன கிரயப் பத்திரம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான வீடு, மனையை விற்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம். சட்டம் வெள்ளைக்காரன் செய்தது. ஆனால் பத்திரத்தின் பாஷை அவனுடையது அல்ல. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் ஆகிய சகல பாத்தியங்களோடும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக அனுபவித்துக் கொள்ளும்படி விற்றவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். குமாஸ்தாவின் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. விஜயநகர மன்னர்கள் கிராமங்களைத் தானம் செய்தபோது செப்பேட்டில் வெட்டிக் கொடுத்த அஷ்டபோகங்கள் இவை. புதையல், புதைத்து வைத்த பொருள், தண்ணீர், கல், இன்று கிடைக்கும் பலன், நாளை கிடைக்கப் போகும் பலன் என்று போகிறது. ராயர்கள் போனார்கள், கம்பெனி வந்தது, அதுவும் போயிற்று. வார்த்தைகள் மட்டும் பத்திரம் எழுதுகிறவர்களின் பேனாவில் ஒட்டிக்கொண்டு மாம்பலம் வரை வந்துவிட்டன. எங்கள் பத்திரத்தை எழுதியவர் எட்டு போதாதென்று 'தரு'வையும், அதாவது மரங்களையும் சேர்த்திருக்கிறார்.

இதில் நிதி பெயரளவுக்குத்தான். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஜலம் அதைவிட வேடிக்கை. எங்கள் மனையே ஏரிதான்! நுங்கம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து நீண்டு கிடந்த மயிலாப்பூர் ஏரியை 1923-இல் வற்றவைக்கத் தொடங்கித்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரியை எடுத்துக்கொண்டு ஜலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாத்தியம் கூடத்துக்குள் முழங்காலளவு வந்து நின்றதும் உண்டு.

அடுத்த சம்பவத்துக்குக் கட்டில் காகிதமே கிடையாது. அத்தையின் கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. தாத்தா கிரயப் பத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஒரு லேவாதேவிக்காரரிடம் கொடுத்துப் பணத்துடன் திரும்பினார். அவ்வளவுதான் அடமானம். இங்கிலாந்தில் 1783-இல் தீர்ப்பான ஒரு வழக்கில் வேரூன்றிய இந்த வழக்கத்தைச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் போன்ற பட்டணங்களுக்குத்தான் அனுமதித்தது. நிலம் தஞ்சாவூரில் இருந்தாலும் பத்திரத்தைச் சென்னையில் வைத்துக் கொடுத்தால் செல்லும்! பதிவு இல்லை, ஆகவே வில்லங்கச் சர்ட்டிபிகேட்டிலும் அன்று அது தலைகாட்டாது. கடனைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அடைத்துப் பத்திரத்தை மீட்டவர் என் அப்பா. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1959-இல் தாத்தா காலமானார். பாட்டி முன்பே போய்விட்டாள். உயிரோடு இருக்கும்போது அவர் செட்டில்மெண்ட் எழுதியிருந்தால் சொத்து அப்போதே கைமாறியிருக்கும். உயில் எழுதியிருந்தால் கண் மூடிய பிறகு. இரண்டும் எழுதவில்லை. 1956-இல் வந்த இந்து வாரிசுச் சட்டப்படி, அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் அப்பாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. பத்து வருஷங்களுக்கு முன்னால் என்றால் கல்யாணமாகிப் போன பெண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது அவள் கையெழுத்து இல்லாமல் வீடு நகராது.

பத்திரம் எழுதுகிறவர் அப்பாவிடம் வழிகளைச் சொன்னார். பாகப்பிரிவினை என்றால் வீடு இரண்டாகும். கிரயம் என்றால் தங்கைக்குப் பாதி விலை கொடுக்க வேண்டும். விடுதலைப் பத்திரம் என்றால் தங்கை தன் பாத்தியத்தை விட்டுக் கொடுத்ததாக எழுதினால் போதும். அப்பா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். "கல்யாணத்திலேயே அவளுக்குச் செய்தாகிவிட்டது" என்று அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

1961-இல் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். எனக்குப் பத்து வயது. அதிகாரி, "இது நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானா அம்மா? கையெழுத்து உங்களுடையதுதானா?" என்று கேட்டார். சட்டம் அவரைக் கேட்கச் சொன்னது அவ்வளவுதான். மனசுக்குச் சம்மதமா என்று கேட்க அதில் இடமில்லை. அத்தை "ஆமாம்" என்றாள். இடது கட்டை விரலில் மை தடவி ரேகை வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புதுப்பட்டுப் புடவையும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாள். அத்தை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் விரலை வெகு நேரம் கழுவினாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"அண்ணா, நார்த்தங்காய் ரெண்டு பறிச்சுக்கட்டுமா?"

அந்த மரத்தில் காய் பறிக்க அதுவரை அவள் யாரையும் கேட்டதில்லை.