மினி கூப்பரின் சிலிண்டர் ஹெட்: ஒரு சின்ன எஞ்சின் பெரிய கார்களை வென்ற கதை

1964ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஐரோப்பாவின் புகழ்பெற்ற மான்டி கார்லோ ராலியின் முடிவு வெளியானபோது பலரால் நம்பவே முடியவில்லை. முதலிடம் பிடித்தது ஒரு மினி கூப்பர் எஸ். ஓட்டியவர் பேடி ஹாப்கிர்க். உடன் சென்று வழிகாட்டியவர் ஹென்றி லிட்டன். காரின் எஞ்சின் வெறும் 1071 சி.சி. தான். இரண்டாவதாக வந்த ஃபோர்டு ஃபால்கனுக்கோ 4.7 லிட்டர் வி8 எஞ்சின்!

எஞ்சின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட அன்றைய விதிமுறை சிறிய கார்களுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் வெற்றி ஒருமுறையோடு நிற்கவில்லை. 1965ல் டிமோ மாகினென், 1967ல் ரௌனோ ஆல்டனென் என்று மினி மீண்டும் மீண்டும் வென்றது. 1966ல் முதல் மூன்று இடங்களையும் பிடித்தும், முகப்பு விளக்கு விதியைக் காட்டித் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. 'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது' என்பது இந்தக் காருக்கு மிகவும் பொருந்தும்.

இத்தனைக்கும் இந்த எஞ்சின் பந்தயத்துக்காகப் பிறந்ததே அல்ல. 1951ல் அறிமுகமான ஆஸ்டின் ஏ30 என்ற சிக்கனமான குடும்பக் காருக்காக உருவாக்கப்பட்டது. 4 சிலிண்டர், 803 சி.சி., 28 குதிரைத்திறன். இதுதான் பின்னாளில் 'ஏ-சீரிஸ்' என்று பெயர் பெற்ற எஞ்சின். அதைப் பந்தய எஞ்சினாக மாற்றியதில் பெரும்பங்கு அதன் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் செய்த வேலைக்கு உண்டு.

எஞ்சினும் மூச்சும்

எஞ்சின் என்பது ஒரு வகையில் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பம்புதான். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரியும், அந்த அளவுக்குத்தான் சக்தி கிடைக்கும். காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, இரண்டையும் திறந்து மூடும் வால்வுகள், பெட்ரோல் எரியும் அறை ஆகிய நான்குமே சிலிண்டர் ஹெட்டில்தான் இருக்கின்றன. அதாவது மனிதனுக்கு மூக்கும் தொண்டையும் எப்படியோ, எஞ்சினுக்கு ஹெட் அப்படி.

எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றும்போது பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியில் 200ல் ஒரு பங்கு மட்டுமே. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சிலிண்டர் நிரம்ப வேண்டும். வழியில் சிறு தடை இருந்தாலும் பாதி மூச்சுதான் கிடைக்கும்.

ஐந்து வழிகள் என்ற குறை

நான்கு சிலிண்டர் எஞ்சினில் காற்று வர நான்கு வழிகள், புகை போக நான்கு வழிகள் என மொத்தம் எட்டு இருப்பதுதான் முறை. ஏ-சீரிஸ் ஹெட்டில் இருந்தவை ஐந்தே. இந்த வழிகளை மெக்கானிக்குகள் 'போர்ட்' என்பார்கள். 1, 2ஆம் சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரு காற்று போர்ட், 3, 4க்கு இன்னொன்று. புகைக்கு மூன்று போர்ட்டுகள், அதில் நடுவில் இருப்பது 2, 3ஆம் சிலிண்டர்களுக்குப் பொது.

ஏன் இப்படி? எல்லா போர்ட்டுகளும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருந்தன. வால்வுகளைத் தள்ளும் புஷ்ராடுகளும் அதே பக்கத்தில்தான் மேலேறின. எனவே எட்டு போர்ட்டுகளுக்கு இடமில்லை. குறைந்த செலவில் வார்த்தெடுக்கவும் இதுவே வசதி. இதன் அண்ணனான பி-சீரிஸ் எஞ்சினிலும் இதே அமைப்புதான். நம்மூர்ச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய அம்பாசடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் அந்த பி-சீரிஸ் வகையைச் சேர்ந்ததுதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

மெதுவாக ஓட்டும்போது இதனால் தொல்லை இல்லை. வேகம் கூடும்போதுதான் சிக்கல். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வேலை செய்கின்றன. எனவே 2ஆம் சிலிண்டர் காற்றை இழுத்து முடிக்கும் முன்பே 1ஆம் சிலிண்டரின் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்ட கதைதான்! அதே சண்டை 3க்கும் 4க்கும் இடையிலும் நடக்கும். நடுப் புகை போர்ட்டிலோ வேறு பிரச்சினை. இரண்டு சிலிண்டர்களின் சூடும் ஒரே இடத்தில் சேர்வதால் அந்தப் பகுதி கடுமையாகச் சூடேறும்.

அளந்து பார்த்த மனிதர்

இந்த ஹெட்டின் எரியறையை வடிவமைத்தவர் ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயர். 1897ல் எக்ஸெட்டர் நகரில் பிறந்தவர். ஹெட்டின் வழியாகக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு போகிறது என்று கருவி வைத்து அளந்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர். பின்னாளில் ஜாகுவார் என்று பெயர் மாறிய எஸ்.எஸ். நிறுவனத்தின் கார்களுக்கு 1930களில் இவர் செய்த ஹெட் பெரும் பெயர் பெற்றது.

ஏ-சீரிஸ் எரியறையை இதய வடிவில் அமைத்தார் வெஸ்லேக். இரண்டு வால்வுகளுக்கும் நடுவே பறவையின் அலகு போல ஒரு சிறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் கலவை சூடான புகை வால்வின் பக்கம் போய்விடாமல் ஸ்பார்க் பிளக் பக்கம் திரும்புவதற்காக அந்த ஏற்பாடு. ஆக, போர்ட்டுகள் ஏழையாக இருந்தாலும் எரியறை நன்றாகவே இருந்தது.

கூப்பரும் ரிச்மண்டும்

1959 ஆகஸ்டில் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி வெளிவந்தது. 848 சி.சி., 34 குதிரைத்திறன். ஃபார்முலா ஒன் கார்களைக் கட்டிய ஜான் கூப்பர் அதன் வளைவுத் திறனைப் பார்த்து, வேகமான மினி ஒன்றைத் தயாரிக்கும்படி பிஎம்சி நிறுவனத்தை வற்புறுத்தினார். 1961ல் 997 சி.சி., 55 குதிரைத்திறனுடன் மினி கூப்பர் வந்தது.

அதே காலத்தில் வில்ட்ஷயரில் டௌன்டன் என்ற கிராமத்தில் டேனியல் ரிச்மண்ட் என்பவர் தன் மனைவியுடன் ஒரு பட்டறை நடத்திவந்தார். பழைய கார்களைச் செப்பனிட்டுவந்த அவர் மினியின் ஹெட்டைக் கையிலெடுத்து, தானே கடைந்து, வடிவம் மாற்றினார். அவர் மாற்றிய மினிகளின் வேகத்தைக் கண்ட பிஎம்சி அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டது. 1963ல் வந்த கூப்பர் எஸ் காரின் ஹெட்டில் அவருடைய அனுபவம் சேர்ந்தது.

சாதாரண மினியின் காற்று வால்வு சுமார் 27.8 மி.மீ. விட்டம். கூப்பர் எஸ் காரில் சுமார் 35.7 மி.மீ. பரப்பளவில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 65 சதவீதம் அதிகம். பலன் என்ன? சாதாரண மினியில் ஒரு லிட்டருக்கு 40 குதிரைத்திறன் கிடைத்தது. 70 குதிரைத்திறன் கொண்ட 1071 சி.சி. கூப்பர் எஸ் காரில் அது 65 ஆனது.

எதைக் கடைவது, எதை விடுவது

தொழிற்சாலைக் கார்களுக்கான பந்தயங்களில் வேறு ஹெட்டைப் பொருத்துவது சுலபமல்ல. இருக்கும் ஹெட்டிலிருந்து உலோகத்தைக் குறைப்பதுதான் பெரும்பாலும் வழி. இதில் புதியவர்கள் செய்யும் தவறு, போர்ட்டை முடிந்தவரை பெரிதாக்கிக் கண்ணாடிபோல் பளபளப்பாக்குவது. வழி அகன்றால் காற்றின் வேகம் குறைந்து, குறைந்த சுற்றுகளில் எஞ்சின் சோர்ந்துபோகும். அதைவிட மோசம், அளவுக்கு மீறிக் கடைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பாதையில் ஓட்டை விழும். அதோடு ஹெட் வீண்!

அனுபவசாலிகள் முதலில் கவனிப்பது வால்வு சீட்டுக்கு நேர் கீழே உள்ள பகுதியை. காற்று திரும்பும் அந்த உள்வளைவு கூர்மையாக இருந்தால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும். அதை மெல்ல வளைத்துவிட வேண்டும். பிறகு வால்வு சீட்டை ஒரே கோணத்தில் விடாமல் மூன்று கோணங்களில் வெட்டுவார்கள். எரியறையின் சுவர் வால்வை ஒட்டி மறைத்தால் அதையும் கொஞ்சம் தள்ளிவைப்பார்கள்.

அடுத்தது அழுத்த விகிதம். 1275 சி.சி. கூப்பர் எஸ் காரில் இது 9.75. ஒரு சிலிண்டரின் அளவு ஏறத்தாழ 319 சி.சி. எனவே பிஸ்டன் மேலே இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 36.4 சி.சி. பந்தயத்துக்காக விகிதத்தை 11 ஆக்க வேண்டுமானால் அந்த இடம் 31.9 சி.சி. ஆக வேண்டும். வித்தியாசம் ஒரு தேக்கரண்டி தண்ணீர்கூட இல்லை! அதனால்தான் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிவிட்டு, நாம் வேதியியல் ஆய்வகத்தில் பார்க்கும் அதே பியூரெட்டைக் கொண்டு நான்கு அறைகளையும் ஒவ்வொன்றாக அளந்து சமப்படுத்துகிறார்கள்.

பெரிய வால்வுகளுக்கும் ஒரு விலை உண்டு. இரண்டு வால்வுகளுக்கு இடையே உள்ள உலோகம் மெலிந்து, சூட்டில் விரிசல் விடுவது கூப்பர் எஸ் ஹெட்டுகளின் தீராத நோயாக இருந்தது.

பட்டறையிலிருந்து பட்டம் வரை

பிரிட்டனின் சலூன் கார் பந்தயப் பட்டத்தை மினி ஓட்டுநர்கள் 1961, 1962, 1969, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் வென்றனர். ஒவ்வொரு காரும் தன் எஞ்சின் பிரிவில் எடுக்கும் புள்ளிகளை வைத்துப் பட்டம் தரப்பட்டதால் சிறிய கார்களுக்கும் வாய்ப்பிருந்தது. கடைசி இரண்டு பட்டங்களை வென்ற ரிச்சர்ட் லாங்மேன், ரிச்மண்டின் டௌன்டன் பட்டறையில் வேலை பார்த்தவர்! ஓட்டுவதோடு ஹெட் வேலையிலும் கைதேர்ந்தவர். அதே பட்டறையிலிருந்து வெளியே வந்த ஜான் ஓடோர் என்பவர்தான் ஜான்ஸ்பீட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஐந்து போர்ட்டுகளே தொல்லை என்று எட்டு போர்ட் ஹெட் செய்தவர்களும் உண்டு. ஆர்டன் நிறுவனத்தின் ஹெட் அதில் புகழ்பெற்றது. ஆனால் பழைய ஐந்து போர்ட் ஹெட் சாகவில்லை. 1980களில் டேவிட் விசார்ட் என்பவர் காற்றோட்டத்தை அளந்து கண்ட முடிவுகளைத் தன் நூலில் விரிவாக எழுத, எளிய பட்டறைக்காரர்களுக்கும் இந்த நுட்பம் எட்டியது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய மினியின் உற்பத்தி நின்றது. ஆனாலும் பழைய கார்களுக்கான பந்தயங்களில் அந்த எஞ்சின் இன்றும் ஓடுகிறது. நன்கு தயாரித்த ஐந்து போர்ட் எஞ்சின்கள் 130 குதிரைத்திறனைத் தாண்டுகின்றன. அதே எஞ்சின் 28ல் தொடங்கியது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

குறையில்லாத எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு வெல்வது பெரிய விஷயமல்ல. இவர்கள் கையில் இருந்ததோ பிறவியிலேயே மூச்சுத் திணறல் உள்ள எஞ்சின். அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று அளந்து அறிந்தார்கள், தேவையான இடத்தில் மட்டும் தேவையான அளவு கடைந்தார்கள். மான்டி கார்லோவில் மினி வென்ற கோப்பைகளுக்குப் பின்னால், ஓட்டுநர்களோடு சேர்த்து, பட்டறையில் இரும்புத்தூளுக்கு நடுவே நின்ற அந்தக் கைகளும் இருக்கின்றன.